உப்புக்கு ஒரே பேர்

அந்தியூர் பஸ் ஸ்டாண்டில் பர்கூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது தலையைத் தூக்கி வடக்கே பார்ப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலைமேல் என்ன நிற்கிறது என்று ஒரு பார்வை. மேகமா, புகையா, வெறும் வெயிலா. எங்கள் அப்பாருக்கு அது தினப்படி வேலை. விடியக்காலம் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு பொடக்காளியில் நின்று அந்த நீலக்கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். குச்சி ஈர்க்காகிற வரைக்கும் பார்ப்பார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் கட்டுத்தரைக்குப் போய்விடுவார். அவர் முகத்தைப் பார்த்து அப்பத்தா அந்த வருஷத்தைத் தெரிந்துகொள்வாள்.

எங்களுடையது மானாவாரிக் காடு. ஐப்பசி கார்த்திகையில் பெய்தால்தான் கிணற்றில் தண்ணி. அந்த ரெண்டு மாசம் கையை விரித்துவிட்டால் மாசியிலேயே ஊரின் சத்தம் மாறிவிடும். மோட்டார் கால்மணி நேரம் தண்ணி இழுத்துவிட்டு, அப்புறம் சளி பிடித்த கிழவன் மாதிரி வெறும் காற்றை உறிஞ்சும். அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது ஓடிப்போய் அணைப்பார்கள். தண்ணித்தொட்டியில் மாடுகள் அடிப்பாசியை நக்குகிற சரசரப்பு கேட்கும். வாசலில் வீட்டு உயரத்துக்கு நின்ற சோளத்தட்டுப் போர் ஒரு பக்கமாக உருவப்பட்டு, குடைந்த புற்று மாதிரி ஆகிவிடும். அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் போரைப் பார்த்து நாள் சொல்லுவாள்.

“ஏனுங்க, தட்டு சித்திரை பத்துக்கு மேல நிக்காதுங்க.”

அப்பாரு வெற்றிலையை மடிப்பார். சுண்ணாம்பைத் தடவுவார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். “பட்டிக்குச் சொல்லி உடோணும்.”

அந்த ஒரு வார்த்தையில் வீடு கொஞ்சம் இளகும். பட்டி என்றால் மேலே பர்கூர் மலையில், காட்டுக்குள்ளே, முள்ளடைத்து மாடு அடைக்கிற பட்டி. கீழே பஞ்சம் வந்தால் மாட்டுக்குப் போக ஓர் இடம் இருந்தது. மனுஷனுக்கு அப்படி ஒன்று இருந்ததா என்று தெரியாது. மாட்டுக்கு இருந்தது.

1983 கோடை. எனக்கு ஒன்பது வயசு. அந்த வருஷம்தான் நானும் வருகிறேன் என்று அழுது புரண்டு சம்மதம் வாங்கினேன். எந்த மாடு போகும், எந்த மாடு நிற்கும் என்று முதல் நாள் ராத்திரி ஆசாரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கறவை ஒன்றும் உழவு எருது ஒரு ஜோடியும் நிற்கும். வற்றிப்போன பசுக்கள், கிடாரிகள், சினை மாடுகள் போகும். அப்புறம் வெள்ளச்சி. வெள்ளச்சிக்கு அப்போதே பல் தேய்ந்துவிட்டது. கன்று ஈன்று நாலைந்து வருஷம் இருக்கும். வியாபாரிகள் வரும்போதெல்லாம் அவளைத்தான் முதலில் கேட்பார்கள். அப்பாரு காதில் வாங்கமாட்டார். பால் இல்லாத, கன்று இல்லாத கிழட்டு மாட்டுக்கு எதற்குத் தட்டுப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. மலை ஏறியபோது புரிந்தது. அவள் அதற்கு முன்னால் நாலு தடவை போய் வந்தவள். எங்கள் வீட்டில் பாதை தெரிந்தது ரெண்டே பேருக்கு, அப்பாருக்கும் வெள்ளச்சிக்கும். அப்பாருக்குச் சில இடத்தில் சந்தேகம் வரும்.

வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் ஓட்டினோம். நிலா வெளிச்சத்தில் மாடுகளின் முதுகு மட்டும் நகர்ந்து போகும். குளம்படி மண்ணில் அமுங்குகிற தப் தப்பென்ற சத்தம், அவ்வப்போது ஒரு பெருமூச்சு, அப்பாருவின் “ஹோய்... ஹோய்”. வரட்டுப்பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது கிழக்கு வெளுத்தது. அணையில் மிச்சமிருந்த தண்ணியைச் சுற்றி வெடித்த சேறு, யானை லத்தி, கொக்குகள். பகல் முழுக்கப் புளிய மரத்தடியில் கிடந்தோம். கட்டுச்சோற்றுப் பொட்டணத்தில் இருந்து வந்த புளியும் நல்லெண்ணெயும் கலந்த வாசம் இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்கு வரட்டுப்பள்ளத்து வெயில்தான் கண்ணில் அடிக்கும். பொழுது இறங்கினதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் தார் ரோட்டை விட்டுவிட்டு வெள்ளச்சி தானாக ஓர் ஒற்றையடிப் பாதையில் திரும்பினாள். மற்ற மாடுகள் அவள் பின்னால் வரிசை கட்டின. “உட்று, அவளுக்குத் தெரியும்” என்றார் அப்பாரு. செட்டிநொடி தாண்டியதும் காற்று மாறியது. அதை எப்படிச் சொல்வது? மூக்குக்குள் கட்டியிருந்த புழுதியை யாரோ கழுவிவிட்ட மாதிரி. தாமரைக்கரையில் ஒரு திண்ணையில் படுத்தோம். சித்திரை மாசத்தில் கம்பளி கேட்டு அழுதேன் என்று அப்பத்தா கடைசி வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பட்டி அங்கிருந்து இன்னும் உள்ளே. மறுநாள் உச்சிக்கு முதலில் கேட்டது மணி. உலோக மணி அல்ல. மரத்தைக் குடைந்து, உள்ளே மரநாக்குத் தொங்கவிட்ட மணி. லொடக், லொடக் என்று அடித்தொண்டையில் பேசும். காட்டுக்குள் ஒரு மாடு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, மேய்கிறதா, நடக்கிறதா, மிரண்டு ஓடுகிறதா என்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடலாம். மணிக்குப் பின்னால் சாணி வாசம் வந்தது. ஈரப் புல்லைத் தின்ற மாட்டின் சாணி வாசம் வேறு, காய்ந்த தட்டைத் தின்ற மாட்டின் சாணி வாசம் வேறு. நம்மில் பாதிப்பேருக்கு இந்த வித்தியாசம் இன்னும் மூக்கில் இருக்கும், சொல்லத்தான் ஆள் இல்லை. அப்புறம்தான் மாடுகளைப் பார்த்தேன். செம்மண்ணில் பாலைத் தெளித்த மாதிரி செம்மறை மாடுகள், நூற்றுக்கு மேலே. முன்னால் வளைந்த கூர்க்கொம்பு. எங்களைக் கண்டதும் தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்த்தன. மான் பார்க்கிற பார்வை. எங்கள் மாடுகள் மூன்று நாள் அந்தக் கூட்டத்தின் ஓரத்திலேயே, கல்யாண வீட்டில் தெரிந்த முகம் இல்லாத ஒறம்பரை மாதிரி நின்றன.

பட்டிக்காரரை நான் அஜ்ஜா என்று கூப்பிடப் பழகினேன். மலையில் லிங்காயத்துக் குடும்பங்களுக்குக் கன்னடம்தான் வீட்டுப் பேச்சு. அவர் கழுத்தில் வெள்ளியில் லிங்கம் தொங்கும். தோளில் எப்போதும் ஒரு கறுப்புக் கம்பளி. மழைக்கு அதுதான் குடை, ராத்திரிக்கு அதுதான் பாய், சின்னக் கன்று நடுங்கினால் அதற்கும் அதுதான். “பா மகா” என்று என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு நெல்லிக்காயை வைப்பார். அவர் பேசுகிற தமிழ் பாதியில் கன்னடத்துக்குள் இறங்கிவிடும், எங்கள் மாடுகள் பாதை மாறுகிற மாதிரி. மழைக்கு மளெ என்பார். மலைக்கு மலெ என்பார். என் காதுக்கு ரெண்டும் ஒன்றுதான். “மலெ பத்தெ நோடு” என்றால் மழையைப் பார்க்கச் சொல்கிறாரா, மலையைப் பார்க்கச் சொல்கிறாரா என்று முழிப்பேன். அப்பாருவிடம் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு அவருக்கு” என்றார். கேலியாகச் சொன்னாரா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு சொல்லில் மட்டும் குழப்பமே இல்லை. உப்பு. ரெண்டு பாஷையிலும் அதற்கு ஒரே பேர்.

எங்கள் வீட்டிலிருந்து மலைக்குப் போகிற மூட்டையில் வெற்றிலை, புகையிலை, கருப்பட்டி, நிலக்கடலை எல்லாம் இருக்கும். ஆனால் அப்பாரு தோளில் இருந்து இறக்காமல் சுமந்து வருவது கல்லுப்பு மூட்டையை. பட்டிக்கு மேற்கே ஒரு தட்டைப்பாறை. அதன்மேல் அஜ்ஜா உப்பைக் கைகையாக இறைப்பார். அப்புறம் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பார். விசிலும் இல்லை, கூப்பாடும் இல்லை, ஈரமான ஒரு சொடக்கு. எங்கெங்கோ மூங்கில் மறைவில் இருந்த மரமணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேகம் பிடிக்கும். காடே நம் பக்கம் இறங்கி வருகிற மாதிரி இருக்கும். நூறு நாக்குகள் கல்லை நக்குகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அரம் போடுகிற மாதிரி, ஆனால் மெத்தென்று. தலைமுறை தலைமுறையாக நக்கி நக்கி அந்தப் பாறையில் குழி குழியாக விழுந்திருந்தது. கையை வைத்துப் பார்ப்பேன். எங்கள் ஆட்டாங்கல்லைவிட வழுவழுப்பு. அந்தப் பாறையில்தான் எங்கள் மாடுகளும் மலை மாடுகளும் முதல் தடவையாகத் தோளோடு தோள் உரசி நின்றன. நாலாவது நாள் எது எங்களுடையது என்று நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது.

கீழே ஓலை கருகிக் கிடக்கையில் மேலே எப்படிப் புல் இருக்கிறது? இந்தக் கேள்வியை அஜ்ஜாவிடம் கேட்டேன். அவர் கம்பால் மண்ணில் மலையைக் கோடாகக் கிழித்தார். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வருகிற சாரல் இந்த முகடு வரைக்கும் வந்து நனைத்துவிட்டுப் போகும். கீழே உங்கள் ஊருக்கு அப்போது காற்று மட்டும்தான் கிடைக்கும். ஐப்பசியில் கிழக்கே இருந்து வருகிற மழை ரெண்டு பேருக்கும் பொது. அது பொய்த்தால் உங்களுக்கு எல்லாமே போச்சு, எங்களுக்குப் பாதிதான் போச்சு. அதற்கும் மேல் சித்திரையில் இடி இடித்துக் கொட்டுகிற கோடை மழை முதலில் விழுவது இங்கேதான். ரெண்டு மழை எங்களுக்கு, ஒரு மழை உங்களுக்கு. அதனால்தான் கவுண்டர் வருகிறார் என்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பின்னால் மழை மறைவுப் பிரதேசம் என்று பாடம் நடத்தியபோது எனக்குக் கறுப்புப் பலகை தெரியவில்லை, அந்த மண்கோடுதான் தெரிந்தது.

புல் என்று பொதுவாகச் சொல்கிறேன். அவருக்கு அது நாற்பது பேர். போதைப்புல் முற்றினால் மாடு தொடாது, கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும், கூரைக்குத்தான் ஆகும். அதையே மாசியில் துண்டு துண்டாகப் பார்த்து நெருப்பு வைத்துவிட்டால், ஒரு கோடை மழைக்கு அடியிலிருந்து குருத்து கிளம்பும். மாடு விழுந்து விழுந்து மேயும். உண்ணியும் அந்த நெருப்பில் போகும். புல் தீர்ந்தால் மரம். ஆச்சா மரத்துத் தழை, துரிஞ்சித் தழை, மூங்கில் இலை. கிளையை ஒடித்துப் போடுவார்களே தவிர மொட்டையடிக்கமாட்டார்கள். ஒரு பட்டி மேய்கிற சரிவில் இன்னொரு பட்டி இறங்காது. எழுதி வைத்த எல்லை எதுவும் கிடையாது. ஒரு வேங்கை மரம், ஒரு பள்ளம், ஒரு மாதேஸ்வரன் கல். அவ்வளவுதான் எல்லை. ஆனால் தண்ணி வற்றிய வருஷத்தில் ஒரு நீர்த்துறைக்கு நாலு பட்டி மாடும் வரும். காலையில் இந்தப் பட்டி, உச்சியில் அந்தப் பட்டி என்று முறை. முறை தவறினால் சண்டை கிடையாது, பேச்சு நின்றுவிடும். காட்டில் பேச்சு நிற்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

வடக்குப் பக்கம் ஒரு மூங்கில் பள்ளம் இருந்தது. முழங்கால் உயரம் புல் நின்றது. அங்கே போகிற மாட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார் அஜ்ஜா. “அங்கதான் அவ்வளவு புல் இருக்கே?” என்றேன். “அது இன்னும் வராத மாசத்துக்கு மகா” என்றார். வைகாசி கடைசியில், சாரல் தள்ளிப்போன பத்துப் பதினைந்து நாளைக்கு மட்டும் அந்தப் பள்ளம் திறக்குமாம். மழை நல்ல வருஷங்களில் திறக்காமலே போகுமாம். கண்ணுக்கு முன்னால் இருக்கிற புல்லைத் தொடாமல் விடுவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று இப்போது, மாசச் சம்பளத்தைப் பத்தாம் தேதியே முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, யோசித்திருக்கிறேன்.

கணக்கு வழக்கு எல்லாம் வாயால்தான். தலைக்கு இவ்வளவு ராகி, வருஷத்துக்கு ஒரு வேட்டி. பட்டியில் சேருகிற சாணி முழுக்கப் பட்டிக்காரருக்கு. அதுதான் அவருடைய உண்மையான வருமானம். மலை எருவுக்கு மவுசு அதிகம், தோட்டக்காரர்கள் லாரி வைத்து ஏற்றிப் போவார்கள், கேரளா வரைக்கும் போகும். அங்கே பிறக்கிற கன்று எங்களுக்கு. புலியோ செந்நாயோ அடித்துவிட்டால்? கொம்பைக் கொண்டுவந்து காட்டினால் கணக்கு முடிந்தது. ஒரு வருஷம் எங்கள் காரிக் கிடாரியின் கொம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அஜ்ஜாவே ரெண்டு நாள் நடந்து கீழே வந்தார். சோறு வேண்டாம் என்றார். திண்ணையில் துணியைப் பிரித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பாரு அந்தக் கொம்பைக் கையில்கூட எடுக்கவில்லை. “அதுக்கும் பசிக்குமுங்க” என்றார், புலியைச் சொல்லி. அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

ராத்திரிகள். அதைச் சொல்லாமல் விட்டால் மலைக்குப் போனதாகவே ஆகாது. பட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள். கன்றுகளுக்குத் தனியாக உள்ளே ஒரு குடில். பொழுது சாயும்போது மாடுகள் ஒவ்வொன்றாக முள்வாசலில் நுழையும். அஜ்ஜா எண்ணமாட்டார், முகம் பார்ப்பார். நூறு முகமும் நுழைந்த பிறகு கொஞ்ச நேரம் வாசலில் நிற்பார். “பந்தில்லா” என்பார். ஒன்று வரவில்லை. யார் வரவில்லை என்றும் சொல்வார். தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பையன்கள் போவார்கள். அஜ்ஜி மூன்று கல் அடுப்பில் களி கிண்டுவாள். களியைக் குழித்து, நடுவே மொச்சைக் குழம்பு. வெறும் கைதான் கரண்டி. கட்டை எரிகிற புகை, மாட்டின் மூச்சுச் சூடு, கம்பளியின் ஆட்டு மயிர் வாசம். நாயின் காது மட்டும் தூங்காது. நடு ராத்திரியில் மாடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் அசை போடுவதை நிறுத்தும். அந்த அமைதியில்தான் எனக்கு முழிப்பு வரும். அஜ்ஜா ஒரு கட்டையை நெருப்பில் தள்ளுவார். பொறி பறக்கும். கொஞ்ச நேரம் கழித்து எங்கோ ஒரு மாடு மெல்ல அசை போட ஆரம்பிக்கும். அப்புறம் இன்னொன்று. அதுக்குப் பிறகு தூங்கலாம்.

ஆடியில் அவர் கீழே வருவார். அந்தியூர் குருநாதசாமி பண்டிகை. குதிரைச் சந்தையைப் பார்க்க ஊரே போகும். எங்களுக்கு மலை மாடு வந்து நிற்கிற மூலைதான் முக்கியம். திப்பு சுல்தான் இங்கே குதிரை வாங்கினான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அஜ்ஜா குதிரையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். செம்மறை ஜோடிகளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில், புழுதியில், ராட்டின இரைச்சலில், தொலைந்துபோன பிள்ளை மாதிரி நிற்பார். அப்பாருவைக் கண்டதும் முகம் விரியும். எங்கள் மாடு ஒவ்வொன்றையும் பேர் சொல்லிச் செய்தி சொல்வார். வெள்ளச்சி கிழக்குச் சரிவில் படுக்கிறாள். மயிலை கன்று போட்டுவிட்டாள். காகிதத்தில் வராத கடுதாசி அது.

ஐப்பசி நன்றாகப் பெய்து, கீழே காடெல்லாம் பச்சை விரித்த பிறகு கார்த்திகையில் மாடுகள் திரும்பும். அப்பத்தா கட்டுத்தரையைச் சாணி போட்டு மெழுகி, மஞ்சள் தண்ணியோடு வாசலில் நிற்பாள். போனது எலும்பு, வருவது மினுமினுப்பு. தோலில் கை வைத்தால் வழுக்கும். ஆனால் ரெண்டு நாளைக்கு வீட்டுக்குள் நுழையாது, கயிற்றைக் கண்டால் மிரளும், விளக்கைக் கண்டால் சீறும். “மலை ஏறிருச்சு, எறங்கட்டும்” என்று அப்பத்தா அகத்திக்கீரையோடு காத்திருப்பாள். தை பிறந்து பட்டிப் பொங்கலன்று சாணியால் கரை கட்டித் தெப்பக்குளம் செய்து, தண்ணி ஊற்றி, கன்றுகளை விட்டு மிதிக்க வைப்போமே, அன்றைக்கு முதல் கன்று எப்போதும் மலையில் பிறந்த கன்றுதான். படையலில் ஒரு பிடி மேலே உள்ளவர்களுக்கு என்று எடுத்து வைப்பாள்.

இதெல்லாம் எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று எனக்குக் கணக்கு இல்லை. அப்பாருவின் அப்பாரு தாது வருஷத்தைப் பார்த்தவர். 1876-ல் ஆரம்பித்த அந்தப் பஞ்சத்தில் கொங்கு நாட்டில் மனுஷர்களே கொத்துக்கொத்தாகப் போனார்கள். அப்போது நாலு உருப்படி மாட்டை மலையில் விட்டதால்தான் மறுபடி ஏர் பூட்ட முடிந்தது என்பது எங்கள் வீட்டுக் கதை. அதற்கு அப்புறம் சில வருஷத்தில், 1882-ல், வெள்ளைக்காரன் வனச் சட்டம் வந்தது. காட்டுக்குக் கோடு போட்டார்கள். மேய்க்கச் சீட்டு, தலைக்குக் காசு. அப்பாரு காலத்தில் அந்தச் சீட்டை ஏதோ கோயில் டிக்கெட் மாதிரிதான் பார்த்தார்கள்.

எப்போது அறுந்தது என்று யாராவது கேட்டால் ஒரு நாளைக் காட்ட முடியாது. கயிறு நைகிற மாதிரிதான். தொண்ணூறுகளில் வீரப்பன் தேடுதல் வந்தது. காட்டுக்குள் தங்குகிறவனை ரெண்டு பக்கமும் சந்தேகப்பட்டார்கள். எத்தனையோ பட்டிகள் ஊர் ஓரத்துக்கு இறங்கின. 2004 அக்டோபரில் அது முடிந்தபோது, திரும்பிப் போக வேண்டிய பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பழகியிருந்தார்கள். நெருப்பு வைக்கக் கூடாது என்றானது. புல் நின்ற சரிவுகளில் உண்ணிச்செடி ஏறியது. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூப்பூத்து அழகாகத்தான் இருக்கும். மாடு வாய் வைக்காது. கீழே எங்கள் கதையும் அதுதான். டிராக்டர் வந்தது, எருது போனது. சிந்து மாடு வந்தது, மூட்டைத் தீவனம் வந்தது. சிந்து மாட்டை மலை ஏற்ற முடியுமா? அப்பாரு போன வருஷமே வெள்ளச்சியும் போனாள். அவளோடு பாதையும் போனது. இதில் பாதித் தப்பு நம்முடையது, அதை மறைக்கக் கூடாது.

2016 ஐப்பசி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். நான் ஊருக்குப் போயிருந்தேன். அதே சத்தம். மோட்டார் காற்றை உறிஞ்சுகிறது. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து போனில் தீவன விலை கேட்டுக்கொண்டிருந்தான். நான் பழக்கதோஷத்தில் வடக்கே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ரெண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சந்தைக்கு மாடுகள் போயின. சந்தைக்குப் போகிற மாடு கார்த்திகையில் திரும்பாது. வேனில் ஏற்றும்போது ஒன்று திரும்பிப் பார்த்தது என்று அண்ணி சொன்னாள். அப்பத்தா இருந்திருந்தால் படுத்திருப்பாள்.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலும் ஒரு உரிமை என்று எழுதியிருக்கிறதாம். மலைக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கக் கூடாது என்றது. முதலில் எல்லாக் காட்டுக்கும் சொன்னது, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. மேலே கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள். 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் எண்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் காடு வேண்டும். அஜ்ஜா இருந்தால் அதை மறுக்கமாட்டார். கொம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவர் அவர். ஆனால் வேங்கை மரமும் பள்ளமும் மாதேஸ்வரன் கல்லும் எல்லை என்று இருந்த ஒருத்தரிடம் ஹெக்டேரை எப்படிச் சொல்லியிருப்பார்களோ.

போன வருஷம் ஒரு நாள் மனசு கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். வழியில் ஒரு கடையில் ரெண்டு கிலோ கல்லுப்பு வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மலைக்கு வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. தாமரைக்கரை டீக்கடையில் அஜ்ஜாவின் பேரனைப் பார்த்தேன். திருப்பூரிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்தான். அதே நெற்றி. சுத்தமான திருப்பூர்த் தமிழ்.

“பட்டி இருக்குதா தம்பி?”

“ஊட்டுக்குப் பின்னாடியே கட்டிப் போட்டிருக்குதுண்ணா. ஆறு உருப்படி.”

“அந்த உப்புப் பாறை?”

அவனுக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டான். மேற்கே கை காட்டினேன். அந்தப் பக்கம் முழுக்க உண்ணிச்செடி ஏறிக் கிடக்கிறது, யானை நிற்கும், யாரும் உள்ளே போவதில்லை என்றான். பையைக் கொஞ்சம் திறந்து காட்டினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, என் மனசு நோகக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னான். “கடையில தாது உப்புக் கட்டின்னு வருதுங்கண்ணா. ஒண்ணு வாங்கித் தொங்க உட்டிருக்கோம். ரெண்டு மாசத்துக்கு நிக்கும்.” டீக்குக் காசு என்னைத் தர விடவில்லை.

இறங்குகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கிழவி. செட்டிநொடித் திருப்பத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். மளெ என்றாளா, மலெ என்றாளா, இந்த வயசிலும் எனக்குப் பிடிபடவில்லை. நானும் குனிந்து வெளியே பார்த்தேன். வெயில்தான் நின்றது.

எங்கள் வீட்டில் மலைக்குப் போன உப்பு திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் உப்புச்சாடி ஏற்கெனவே முக்கால் பங்கு இருந்தது. கொட்டினேன். விளிம்புக்கு மேலே நின்றது. கையால் அழுத்திவிட்டு, மிச்சத்தைப் பையோடு முடிந்து பரண்மேல் வைத்தேன்.